வசந்தி தேர்ந்தெடுத்த ரத்தக்குழாய்ப் புத்தகம்

1. மேசைக்கு வந்த மூன்று புத்தகங்கள்

நூலகர் பாஸ்கரன் மூன்று புத்தகங்களை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு எங்கள் ரிப்போர்ட்டிங் அறைக்குள் வந்தபோது நான் ஒரு மூளை ஸ்கேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் பகலிலும் விளக்கு போடமாட்டோம். வெயிலிலிருந்து வந்தவருக்குக் கண் சட்டென்று பழகவில்லை. பக்கத்தில் காலியாகக் கிடந்த நாற்காலியில் புத்தகங்களை இறக்கினார்.

"அதுல வைக்காதீங்க," என்றேன்.

"யாராவது வராங்களா மேடம்?"

"இல்ல. மேசையில வைங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது. பாவம், மறுபடியும் தூக்கி மேசையில் வைத்தார்.

"ரத்தக்குழாய் சி.டி.க்கு ஒரு ரெஃபரன்ஸ் புக் வேணும்னு உங்க டிபார்ட்மென்ட்லதான் கேட்டிருந்தீங்க. ஏஜென்ட் மூணு சாம்பிள் குடுத்துட்டுப் போயிருக்காரு. வாங்கப்போறது ஒண்ணுதான். எதுன்னு மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க. பி.ஜி. பசங்க எப்ப வரும் எப்ப வரும்னு கேட்டுகினே இருக்காங்க."

நான் ரேடியாலஜி டாக்டர். பாகூர் பக்கம் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டேன். என் தனிப்பாடம் தலையும் நெஞ்சும். ரத்தக்குழாய் என் பாடம் இல்லை. கையில் ஊசி வழியாக மருந்து ஏற்றி, அது உடம்பெல்லாம் ஓடும்போது கூடவே ஓடிப் படம் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ என்பது எங்கள் டிபார்ட்மென்டில் வசந்தியின் ராஜ்ஜியம். அந்தப் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவள் அவள். அவளோ எனக்குப் பக்கத்து நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டுப் பிரான்ஸில் இருந்தாள்.

அதே வாரம் ஹெச்.ஓ.டி. என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். எங்கள் இருவரையும்விட வயதில் சின்னவர், நல்ல மனிதர்.

"வசந்தி மேடம் போஸ்ட்ட இன்னும் நிரப்பல. இந்த மாசக் கடைசி வரைக்கும் நான் புடிச்சி வைக்க முடியும். அதுக்கு மேல ஆள் போட்டே ஆகணும். நீங்க ஒரு வார்த்த கேளுங்களேன். நான் கேட்டா மரியாதைக்கு சிரிச்சிட்டு வெச்சிடுவாங்க. நீங்க கேட்டா வருவாங்க."

கரும்பு தின்னக் கூலியா? புத்தகத்தைக் காட்டி யோசனை கேட்பதுபோல் பேச்சை ஆரம்பிப்பது, அப்படியே அவளைத் திரும்பக் கூப்பிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். உண்மையைச் சொன்னால், எனக்கு வேண்டியது ஒரு மாங்காய்தான். புத்தகம் எதுவாக இருந்தாலும் படித்துக்கொள்ளலாம். எனக்கு அவள் பக்கத்தில் வேண்டும்.

2. சொல்தா வீட்டு மருமகள்

வசந்தியும் நானும் வில்லியனூர் பக்கத்துப் பெண்கள். எங்கள் வீடு மாதா கோயில் மணிக்கும் பங்குச் சாமியாருக்கும் கட்டுப்பட்ட வேதக்கார வீடு. அவள் வீட்டில் மாரியம்மன். படித்தது வேறு வேறு கல்லூரி, வேலைக்குச் சேர்ந்தது ஒரே வருடம். பிறகு எத்தனையோ வருடம் ஒரே காரில் போய் வந்தோம். அபிஷேகப்பாக்கம் வழியாகப் போகும்போது இரண்டு பக்கமும் நெல் வயல். நாங்கள் அதைப் பார்த்ததே இல்லை. முந்தின நாள் படத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே போவோம். "அது கட்டின்னு நீ எப்பிடி சொல்ற?" "பின்ன கட்டி இல்லாம கத்திரிக்காயா?" என்ற ரீதியில் போகும். எதிரே டிராக்டர் வந்தால்தான் வாயை மூடுவாள், ஓட்டுவது அவள் என்பதால்.

அவள் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். எங்கள் பக்கம் அப்படிப்பட்ட குடும்பத்தைச் சொல்தா வீடு என்பார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை தானாக வரும். வசந்தியின் மகனும் அப்படித்தான் போனான், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். குழந்தை பிறந்தது. மருமகள் வேலைக்குப் போகிறவள். வசந்தி லீவு போட்டாள்.

"ஆறு மாசந்தாண்டி சீலி. புள்ள தவழ ஆரம்பிச்சதும் வந்துடுவேன். அதுவரைக்கும் என் கேஸையும் சேத்துப் பாத்துக்க," என்று கிளம்பினாள். என் பெயர் ஜெயசீலி. அதைச் சீலி என்று சுருக்கியது உலகத்தில் அவள் ஒருத்திதான்.

பிள்ளை தவழ்ந்தது, நடந்தது, பிரெஞ்சில் பேசவும் ஆரம்பித்தது. அதற்குள் இரண்டாவது பிறந்துவிட்டது. லீவு ராஜினாமா ஆனது. அங்கே அவள் படிப்பு அப்படியே செல்லாது, புதிதாகப் பரீட்சை எழுத வேண்டும். அவள் எழுதவில்லை. ரத்தக்குழாயில் மயிரிழை அடைப்பைக் கண்டுபிடிக்கிற கண், இப்போது பேரனின் சோற்றில் மீன் முள் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் குறைப்பட்டுக்கொண்டதில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

வீட்டில் போய் இதையெல்லாம் பேசலாம் என்றால் என் கணவர் பேங்க்கில் இருந்தவர். நான் 'பெரோனியல்' என்று ஒரு குழாயின் பெயரைச் சொன்னால், "யாரு, புதுசா சேந்த பி.ஜி.யா?" என்பார்.

3. முழங்காலுக்குக் கீழே

புத்தகம் தேர்ந்தெடுக்க எங்களிடம் ஒரு முறை உண்டு. முன்னுரையையோ ஆசிரியர் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களையோ நாங்கள் பார்ப்பதில்லை. நாங்கள் திண்டாடிய பழைய கேஸ் ஒன்றை எடுத்துக்கொள்வோம். விடை தெரியாதவர்களைப்போலப் புத்தகத்தைத் திறந்து அதனிடம் கேட்போம். பதில் வந்தால் புத்தகம், வராவிட்டால் காகிதம். இதை ஆரம்பித்தவள் வசந்தி. ரத்தக்குழாய்க்கு என்று வரும்போது கேட்க வேண்டிய கேஸ் எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏழுமலையின் கால்.

ஏழுமலை சுத்துக்கேணிக்காரர், கரும்பு வெட்டுகிறவர். ஓயாத பீடி. இடது கால் கட்டைவிரல் கறுத்துப்போய் வந்து சேர்ந்தார். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடுவது என்று ஏறக்குறைய பேச்சாகிவிட்டது. அதற்கு முன்னால், கீழே ஏதாவது ஒரு குழாயாவது உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி சர்ஜன் எங்களிடம் அனுப்பினார். ஒரு குழாய் இருந்தாலும் அதில் இணைத்து ரத்தத்தைக் கொண்டுபோகலாம். இல்லை என்றால் வெட்டுவதைத் தவிர வழியில்லை.

ஏழுமலையின் மனைவி சி.டி. வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே போன வசந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கால எடுத்துடுவாங்களாமே டாக்டரம்மா. கால எடுத்துட்டா கரும்பு எப்பிடி வெட்டறது? அப்புறம் இன்னாத்த துண்றது நாங்க?"

"மொதல்ல பாத்துட்டு வரேன், இரு," என்றாள் வசந்தி. ஆறுதல் சொல்லத் தெரியாது அவளுக்கு.

கால் ஆஞ்சியோவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மருந்து வயிற்றிலிருந்து பாதம் வரை ஓடும். நோயாளி படுத்திருக்கும் மேசையும் அதோடு கூடவே நகரும். அடைப்புள்ள காலில் ரத்தம் ஊர்ந்துதான் போகும். மேசை மருந்தை முந்திவிட்டால், மருந்து வந்து சேர்வதற்கு முன்பே கெண்டைக்காலைப் படம் எடுத்து முடித்திருப்போம். படத்தில் குழாய் இருட்டாக இருக்கும். அடைத்துக்கொண்டது என்று எழுதிவிடுவோம். குழாய் திறந்துதான் இருந்திருக்கும். மருந்துதான் இன்னும் வழியில் இருந்திருக்கும்.

மற்ற டாக்டர்கள் ரிப்போர்ட்டிங் அறையில் உட்கார்ந்து, படம் கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு பார்ப்பார்கள். நானும் அப்படித்தான். வசந்தி மட்டும் கால் கேஸ் என்றால் எழுந்து போய் டெக்னீஷியனின் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள். அன்றைக்கு நானும் கூடப் போனேன். வலது கால் பாதம் வரை பளிச்சென்று வந்தது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. டெக்னீஷியன் எழுந்துவிட்டான், நோயாளியை இறக்க.

"எறக்காத," என்றாள் வசந்தி. "முழங்கால்லேர்ந்து இன்னொரு ஓட்டம் போ. இப்பவே."

தாமதித்தால் மருந்து கலைந்துவிடும். அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். அவன் பொத்தானை அழுத்தினான். திரையில் கெண்டைக்காலின் உள்ளே தலைமுடி கனத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கி, கணுக்கால் வரை வந்து நின்றது.

"தோ பாருடி, பெரோனியல். லேட்டா வந்தாலும் வந்துட்டான்," என்றாள் என்னைத் திரும்பிப் பார்த்து.

அந்தக் குழாயை நம்பி ஆபரேஷன் நடந்தது. ஏழுமலைக்குக் கட்டைவிரல் போயிற்று, கால் தங்கியது. வருடா வருடம் பொங்கலுக்கு ஒரு கட்டுக் கரும்பு வசந்தியின் வீட்டு வாசலில் இறங்கும். பல் சொத்தை என்று சொல்லி அதில் பாதியை என்னிடம் தள்ளிவிடுவாள்.

4. எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒன்று

இதையும் எழுதிவைக்கிறேன், யாருக்காவது உதவும். கால் ஸ்கேனுக்கு உலோகம் எதுவும் காலில் இருக்கக் கூடாது, படத்தில் கீற்றுக் கீற்றாக விழும். எல்லாப் புத்தகமும் 'உலோகத்தை அகற்றவும்' என்று ஒரு வரியில் முடித்துவிடும். எங்கள் பக்கத்துப் பெண்ணிடம் மெட்டியைக் கழற்று என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? புருஷன் உயிரோடு இருக்கும்போது கழற்றமாட்டாள். ஒரு அம்மாள் ஸ்கேனே வேண்டாம் என்று எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டார்.

வசந்தி வெளியே போய் அவர் புருஷனைக் கையோடு அழைத்துவந்தாள். "நீங்களே கழட்டுங்க. உங்க கையிலயே வெச்சிகினு இங்கியே நில்லுங்க. முடிஞ்சதும் நீங்களே போட்டு வுடுங்க," என்றாள். அந்த மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டே குனிந்தார். அன்று முதல் எங்கள் சி.டி.யில் அதுதான் வழக்கம். கதவுக்கு வெளியே மெட்டியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நிற்கும் புருஷன்மார்களை இன்றைக்கும் பார்க்கலாம். பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவுதான்.

5. தலையணை, கல்யாண ஆல்பம், ஒல்லி

மூன்று புத்தகத்துக்கும் பி.ஜி. மாணவி அபிநயா பெயர் வைத்துவிட்டாள். அவள் பாகூர்ப் பெண், முதல் வருடம், வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். பெரிய புத்தகம் தலையணை. வண்ண வண்ணமாக முப்பரிமாணப் படங்கள் நிறைந்தது கல்யாண ஆல்பம். மூன்றாவது, கறுப்பு வெள்ளையில் மெலிதாக இருந்தது ஒல்லி.

ஹெச்.ஓ.டி.க்குத் தலையணைதான் பிடித்தது. "இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவங்க ஷெல்ஃப்ல எது கண்ணுல படுதுன்னுதான் பாப்பாங்க மேடம்," என்றார். அதில் பொய்யில்லை.

நான் ஏழுமலையின் காலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆல்பம் முதலில் தோற்றது. கால் குழாய்கள் மரத்தின் கிளைபோல அழகாக இருந்தன, ஆனால் எல்லாமே சரியாக வந்த படங்கள். தப்பாக வந்த படம் ஒன்றுகூட இல்லை. "மேம், இதுல இருக்கறவங்க எல்லாருக்கும் ரத்தம் நல்லா ஓடுது. நம்மகிட்ட வர்றவங்களுக்குத்தான் ஓடமாட்டேங்குது," என்றாள் அபிநயா.

தலையணை ஜெயித்தது. ரத்தம் ஏன் மெதுவாகப் போகிறது, மேசையின் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது, எந்தக் காலில் எவ்வளவு பொறுப்பது என்று அடி முதல் நுனி வரை இருந்தது. இரண்டாவது ஓட்டத்தைப் பற்றியும் இருந்தது, நீளமான ஒரு பத்தியின் நடுவில். அந்த ஆசிரியரோடு ஓரிரண்டு இடத்தில் எனக்கு ஒத்துப்போகவில்லை. அதைப் படிக்கப் படிக்க, வசந்தி இருந்தால் இங்கே என்ன சொல்வாள், நான் என்ன பதில் சொல்வேன் என்று மனது தானாகவே பேசிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் வாய்விட்டே "அதெப்படிடி?" என்று கேட்டுவிட்டேன். அபிநயா திரும்பிப் பார்த்தாள். நான் இருமுவதுபோல் சமாளித்தேன்.

ஒல்லியில் படிக்கவே ஒன்றும் இல்லை. ஒரு குழாய்க்கு இரண்டு பக்கம். ஊசி போடும் முன் என்ன கேட்க வேண்டும், எப்படி எடுக்க வேண்டும், நோயாளியை மேசையிலிருந்து இறக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும், எதை எதுவென்று நினைத்து ஏமாறுவோம் என்று நான்கு தலைப்பு. காரணம் கேட்டால் வாய் திறக்காது. கால் பகுதியில் இறக்கும் முன் என்ற தலைப்பின் கீழே, பாதத்தில் மருந்து தெரியாவிட்டால் இறக்காதே, உடனே இன்னொரு ஓட்டம் போ என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. சமையல் குறிப்புபோல இருந்தது. எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

மூன்றிலிருந்தும் அந்தப் பக்கங்களைப் போனில் படம் பிடித்து வசந்திக்கு அனுப்பினேன். 'தலையணை என்று எழுதப்போகிறேன். பார்த்துச் சொல். நாளை மத்தியானம் கூப்பிடுகிறேன்,' என்று அபிநயா வைத்த பெயர்களையும் சொல்லிச் சேதி போட்டேன். எங்களுக்கு மத்தியானம் என்றால் அவளுக்குக் காலை, பெரிய பேரன் பள்ளிக்குப் போயிருப்பான்.

6. மத்தியானப் பேச்சு

திரையில் வந்தபோது வசந்தி கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை, சொல்லவில்லை.

"இன்னாடி சீலி, சாப்டியா?"

"ஆச்சி. நீ?"

"எனுக்கு இப்பதான் காப்பியே. நீ அனுப்புனது மூணையும் பாத்தேன். நேத்து தூங்காம உக்காந்து படிச்சேன் தெரியுமா? எங்க வூட்டுக்காரரு, இன்னா பரீச்சையா உனுக்குன்னு கேக்கறாரு."

எனக்கு அந்த வார்த்தை போதும்போல இருந்தது. தூங்காமல் படித்திருக்கிறாள். ஆசை விட்டுப்போகவில்லை என்று மனம் துள்ளியது.

"தலையணை எப்பிடி?" என்றேன்.

"அடேங்கப்பா. அந்தாளு கெட்டிக்காரன்டி. ஆனா அந்த டேபிள் வேகம் சொல்றான் பாரு, அது நம்ம ஊரு பீடிக் காலுக்கு ஆவாது. இன்னும் கொஞ்சம் பொறுக்கணும்."

"நானும் அதத்தான் நெனச்சேன். ஆனா அவன் சொல்ற காரணம் சரிதான?"

"காரணம் சரி. கணக்குதான் தப்பு."

பத்து நிமிடமோ அரை மணியோ, அந்த ஒரு பத்தியை வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். அபிஷேகப்பாக்கம் ரோட்டில் போய்க்கொண்டிருப்பதுபோலவே இருந்தது. குழந்தை தோளில் தூங்கிவிட்டது. அவள் போன பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

"அப்ப அதையே எழுதிடறேன்," என்றேன்.

"வாணாம். அந்தச் சின்னத வாங்கு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஒல்லியையா? அதுல இன்னா இருக்குது? ஒரு காரணம்கூட கெடையாது. சமையல் குறிப்பு மாதிரி எழுதி வெச்சிருக்கான்."

"ஆமா. பெருசு நீயும் நானும் வெச்சிகினு சண்ட போட நல்லாருக்கும். இப்ப போட்டமே, அது மாதிரி." குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள். "ஆனா டேபிள் மேல ஆளு கெடக்கசொல்ல அந்தப் பொண்ணு, இன்னா பேரு, அபிநயா, அவ தனியா ஒக்காந்திருப்பா. மருந்து ஓடிகினு இருக்கும். அந்த நேரத்துல பத்தி பத்தியா படிப்பாளா? பின்னால நின்னு எறக்காதன்னு சொல்ல ஒரு ஆளு இருந்தா பெரிய புக்க வாங்கலாம். ஆளு இல்லன்னா, அந்த வேலைய செய்யிற புக்கதான் வாங்கணும்."

நான் கேட்க வேண்டியதை அதற்குமேல் தள்ளிப்போட முடியவில்லை.

"ஆளு இருந்தா?" என்றேன். "உன் எடம் அப்பிடியேதான் இருக்குது வசந்தி. மாசக் கடைசி வரைக்கும் வெச்சிருக்காங்க. வா. எனுக்கு முடியல."

அவள் திரையை விட்டுப் பார்வையை விலக்கி எங்கேயோ ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவள் கண் கலங்கினால் அப்படித்தான் வேறு பக்கம் பார்ப்பாள், எனக்குத் தெரியும்.

"நேத்து ராத்திரி அத நெனச்சிகினுதான் மூணையும் படிச்சேன்," என்றாள். "நான் வர்றதா இருந்தா பெருசச் சொல்லியிருப்பேன்டி."

எனக்குக் கோபம் வந்தது. உன் பேரனுக்கு ஆயிரம் பேர் இருப்பார்கள், இந்த ஊர்க் காலுக்கு யார் இருக்கிறார்கள் என்று கத்த வேண்டும்போல இருந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "சரி, வெச்சிடறேன்," என்று சொன்னேன். "சீலி," என்றாள். அதற்குள் நான் வைத்துவிட்டேன்.

7. ஒல்லி செய்த வேலை

மறுநாள் ஹெச்.ஓ.டி. கேட்டார், "வசந்தி மேடம் எந்த புக் சொன்னாங்க?"

"சின்னது சார்."

"அப்பிடியா? அப்புறம், போஸ்ட்ட பத்தி?"

"அதுக்கும் அதான் சார் பதில்," என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். இன்ஸ்பெக்ஷனைப் பற்றி அவர் அதற்குமேல் பேசவில்லை. பாஸ்கரனிடம் எழுதிக் கொடுத்தேன். ஒல்லி வந்தது. நூலகத்தில் வைத்துப் பூட்டுகிற ரெஃபரன்ஸ் புத்தகத்தை சி.டி. மேசைக்குக் கடன் கொடுக்க விதியில்லை என்று அவர் இழுத்தார். கெஞ்சிக் கூத்தாடி வாங்கி, டெக்னீஷியன் உட்காரும் கன்சோலுக்குப் பக்கத்திலேயே வைத்தோம்.

சில வாரம் கழித்து ஒரு மத்தியானம். பி.ஜி.க்கள் எல்லாரும் வகுப்பில். கல்யாணமாகாத ஒரு இளம்பெண்ணின் வயிற்று ஆஞ்சியோ வந்தது. சாப்பிட்டால் வயிற்றுவலி, உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. படத்தில், வயிற்றுக்குப் போகும் பெரிய குழாயின் வாயில் ஒரு நெரிசல் தெளிவாகத் தெரிந்தது. அப்படியே எழுதி அனுப்பினால் அந்தப் பெண் நேராக ஆபரேஷன் மேசைக்குப் போவாள்.

எனக்கு ஏதோ உறுத்தியது, என்னவென்று தெரியவில்லை. இது என் பாடம் இல்லை. "இங்க பாருடி," என்று பக்கத்தில் திரும்பினேன். அந்த நாற்காலியில் புதிதாக வந்த டாக்டரின் கைப்பை இருந்தது, அவர் சாப்பிடப் போயிருந்தார். பழக்கதோஷம், வேறென்ன சொல்ல.

எழுந்து கன்சோலுக்குப் போய் ஒல்லியைப் பிரித்தேன். வயிற்றுக் குழாய், எதை எதுவென்று நினைத்து ஏமாறுவோம். மூச்சை வெளியே விட்டிருந்த நேரத்தில் படம் எடுத்தால், நோயே இல்லாதவருக்கும் இந்தக் குழாய் நெரிந்து தெரியும். மூச்சை உள்ளே இழுத்திருந்தாரா என்று கேள். கட்டம் கட்டிப் போட்டிருந்தது.

அந்தப் பெண் இன்னும் வெளியே பெஞ்சில்தான் இருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன்.

"மூச்ச இழுத்துப் புடின்னு மிஷின்ல சொல்லிச்சி. மொதல்ல புடிச்சேன். அப்புறம் ஒடம்பெல்லாம் சூடா ஏறிச்சி டாக்டர், பயந்துகினு வுட்டுட்டேன்," என்றாள். மருந்து ஏறும்போது வருகிற சூடு அது, எல்லாருக்கும் வரும்.

அவளை அல்ட்ராசவுண்ட் அறைக்கு அழைத்துப்போய், மூச்சை விடச் சொன்னேன், இழுக்கச் சொன்னேன். விட்டபோது குழாய் நெரிந்தது. இழுத்தபோது திறந்து, ரத்தம் சரளமாக ஓடியது. வலிக்குக் காரணம் வேறு எங்கேயோ இருந்தது, பின்னால் குடலில் அதைக் கண்டுபிடித்து மருந்திலேயே சரிசெய்தார்கள். கத்தி படவில்லை.

அன்று சாயங்காலம் அபிஷேகப்பாக்கம் வழியாகத் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு வந்தேன். நடந்ததைச் சொல்லப் பக்கத்து சீட்டில் ஆள் இல்லை. இளைய டாக்டர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், உங்களுக்கு எது பிடிக்கிறது என்று பார்க்காதீர்கள். கேட்க ஆள் இல்லாமல் அதைத் திறக்கப்போகிறவர் யார் என்று யோசியுங்கள்.

அன்றைக்கு நான் அபிநயாவை நினைத்துத்தான் ஒல்லி என்று எழுதிக் கொடுத்தேன். தனியாக உட்காரப்போவது நானும்தான் என்று வசந்திக்குத் தெரிந்திருக்கிறது.